மார்பிள் குவீன் உள்ள வச்சா பச்சையாகுது, ஜன்னல்ல வச்சா கருகுது, எங்கதான் வைக்கறது?

தொட்டியும்நானும்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இப்ப வேற வழி தெரியாம கேக்கறேன். மணி பிளான்ட்ல மார்பிள் குவீன்னு ஒண்ணு இருக்கில்ல, பச்சை மேல சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி இலை, அது ஒரு தொட்டி வாங்கி ஏழெட்டு மாசம் ஆகுது. வாங்கறப்ப பாதிக்குப் பாதி வெள்ளை. ஹால்ல டிவி ஸ்டாண்டு மேல வச்சேன். இருட்டு மூலைன்னு நெனைச்சிடாதீங்க, நல்ல வெளிச்சமான ஹால், பகல்ல லைட்டே போட மாட்டோம், அங்க உக்காந்து பேப்பர் படிக்கலாம். மொத ரெண்டு மாசம் ஒரு குறையும் இல்ல. அப்புறம் பாத்தா புதுசா வர்ற இலை ஒவ்வொண்ணும் முந்தினத விட பச்சையா, முந்தினத விட சின்னதா வருது, ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவுல ஒரு ஜாண் வெறும் தண்டு, கொடி மொத்தமும் ஜன்னல் பக்கமா கழுத்த நீட்டிக்கிட்டு நிக்குது. சத்து பத்தலையோன்னு உரம் போட்டேன், இலை நுனியெல்லாம் பழுப்பாச்சு, அதுதான் மிச்சம்.

வெளிச்சம் பத்தலன்னு ஒருத்தர் சொன்னாருன்னு போன வாரம் அப்படியே தூக்கி மேற்குப் பார்த்த ஜன்னல் திட்டுல வச்சேன். மூணே நாள்தான். ரெண்டு இலைல மொதல்ல வெளுப்பா திட்டு வந்துச்சு, மறுநாள் அந்த எடம் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு காஞ்சு போச்சு, அதுவும் வெள்ளை இருந்த பக்கம்தான் ரொம்ப அடி. பயந்து போய் திரும்ப டிவி கிட்டயே கொண்டு வந்துட்டேன்.

எங்க படிச்சாலும் எந்த வீடியோ பாத்தாலும் ‘பிரைட் இன்டைரக்ட் லைட்’னு ஒரே பல்லவி. அப்படின்னா என்னங்க? பிரைட்டுன்னா எவ்ளோ பிரைட்டு, இன்டைரக்ட்னா ஜன்னல்ல இருந்து எத்தன அடி? யாரும் அத மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க. வீட்டுல மேற்குல ஒரு பெரிய ஜன்னல், வடக்குல ஒண்ணு, கிழக்குல ரூம்ல ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. எல்லாத்துலயும் கொசுவலை அடிச்சிருக்கு. செடிய எங்க வைக்கட்டும்?


ஜன்னலோரம்:

தம்பி, உங்க செடி எழுதியிருக்கறத நீங்களே சரியா படிச்சிட்டீங்க, கடைசி வரிய மட்டும் விட்டுட்டீங்க. தண்டு நீளுது, இலை சிறுக்குது, வெள்ளை போகுது, ஜன்னல் பக்கம் சாயுது, இது நாலுமே ஒரே வியாதி, வெளிச்சப் பசி. வெள்ளைப் பகுதில பச்சையம் கெடையாது, இல்ல ரொம்பக் கம்மி, அதால சாப்பாடு தயாரிக்க முடியாது, பக்கத்துல இருக்கற பச்சையோட சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடற ஆளு அது. வருமானம் கொறஞ்சா செடி என்ன பண்ணும், அடுத்தடுத்த இலைல சம்பாதிக்கற பக்கத்த கூட்டும். அதான் பச்சையாகுது. இதே காரணத்தாலதான் வெள்ளை கலந்த வகைக்கு சாதா பச்சை மணி பிளான்ட விட வெளிச்சம் கூட வேணும்.

இப்ப ‘பேப்பர் படிக்கலாம்’ங்கற விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் எல்லாரும் ஏமாறோம், நானும் நாலஞ்சு செடிய இப்படித்தான் கொன்னேன். நம்ம கண்ணு வெளிச்சத்த அளக்கற கருவியே இல்ல. கண்மணி சுருங்கும் விரியும், அது போக விழித்திரையே இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தகுந்த மாதிரி தன்னை மாத்திக்கும், அதனால வெளிய உச்சி வெயில்ல ஒரு லட்சம் லக்ஸ் (லக்ஸ்னா வெளிச்சத்த அளக்கற அலகு) அடிக்கறப்பவும் படிக்கறோம், வீட்டுக்குள்ள 200 லக்ஸ்லயும் அதே பேப்பர அதே மாதிரி படிக்கறோம். ஐநூறு மடங்கு வித்தியாசம், நமக்குத் தெரியவே தெரியாது. செடிக்கு அந்த வசதி இல்ல, அதுக்கு விழற ஒளி ஒவ்வொண்ணும் கணக்கு.

பிரைட் இன்டைரக்ட்னா என்னன்னு கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு உருப்படியான விளக்கம் ஒண்ணுதான், வெயில் நேரா படக் கூடாது, ஆனா அந்த எடத்துல இருந்து பாத்தா வானம் நெறைய தெரியணும். அடிக்கணக்கே வேண்டாம். தொட்டி இருக்கற எடத்துல உங்க தலைய கொண்டு போய் வைங்க, கூச்சப்படாதீங்க வீட்டுல யாரு பாக்கப் போறாங்க, செடியோட இலை உயரத்துக்குக் குனிஞ்சு ஜன்னல பாருங்க. எவ்ளோ வானம் தெரியுது? டிவி ஸ்டாண்டுல இருந்து பாத்தா எதிர்ச் சுவரும் ஜன்னல் கம்பியும்தான் தெரியும், வானம் ஒரு கைக்குட்டை அளவு கூட இருக்காது. ஜன்னல் கிட்ட வந்தா திடீர்னு பாதி வானம் தெரியும். பகல் வெளிச்சம்னு நாம சொல்றது அந்த வானத்துல இருந்து வர்றதுதான், அதனாலதான் ஜன்னல விட்டு ரெண்டு மூணு அடி தள்ளினாலே வெளிச்சம் மளமளன்னு விழுந்துடுது. ஜன்னலுக்கு மேல சன்ஷேட் நீட்டிக்கிட்டு இருந்தா, எதிர்ல உசரமா கட்டடம் இருந்தா, பெரிய ஜன்னல்னாலும் பிரயோஜனம் கம்மி. இன்னொண்ணு, அழகா இருக்குன்னு கூரை கிட்ட தொங்க விடுவாங்க, ஜன்னலோட மேல் விளிம்ப விட உசரத்துல. அங்க இருந்து வானமே தெரியாது, தரைதான் தெரியும்.

கைநிழல் பாக்கறதும் நல்ல வழி. நல்ல பகல் நேரத்துல இலைக்கு ஒரு அடி மேல கைய நீட்டுங்க. நிழல் வெட்டி எடுத்த மாதிரி விரல் விரலா விழுந்தா வெயில், இந்தச் செடிக்கு அது ஜாஸ்தி. கைன்னு தெரியுது ஆனா ஓரம் மங்கலா இருக்குன்னா அதுதான் நீங்க தேடற எடம். நிழல் இருக்கா இல்லையான்னே சந்தேகமா இருந்தா அங்க செடி உயிரோட இருக்கும், வளராது.


பாதிவெயில்:

அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். ப்ரோ ஃபோன்ல லக்ஸ் மீட்டர்னு தேடி ஏதாவது ஒரு ஆப் போடுங்க. ஆண்ட்ராய்டுன்னா செல்ஃபி கேமரா பக்கத்துல வெளிச்சம் உணர்ற சென்சார் இருக்கும், ஸ்க்ரீன் தானா மங்கறதும் பிரகாசமாகறதும் அத வச்சுதான், ஆப் அதையே படிச்சுச் சொல்லும். ஐஃபோன்ல அந்த சென்சார ஆப்புக்குத் தர்றதில்ல, கேமராவ வச்சு கணக்குப் போடும். ரெண்டுமே கடைல விக்கற மீட்டர் அளவுக்குத் துல்லியம் கெடையாது, ஒரு ஃபோனுக்கும் இன்னொரு ஃபோனுக்கும் நம்பர் மாறும், அதப் பத்திக் கவலப்படாதீங்க, ஒரே ஃபோன வச்சு வீட்டுக்குள்ள ஒரு எடத்த இன்னொரு எடத்தோட கம்பேர் பண்ணத்தான் நமக்கு வேணும். ஃபோன இலை இருக்கற எடத்துல, இலை எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் ஸ்க்ரீன் பாக்கற மாதிரி பிடிங்க, உங்க தலை நிழல் விழாம. காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணுன்னு மூணு தடவ எழுதி வைங்க, ஒரே தடவ பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க.

தோராயமா இப்படி வச்சுக்கலாம், ஆயிரம் லக்ஸுக்குக் கீழ போனா கம்மி வெளிச்சம், ஆயிரத்துல இருந்து அஞ்சாயிரம் வரைக்கும் நடுத்தரம், அஞ்சுல இருந்து பத்தாயிரம் வரைக்கும் வீட்டுச் செடிக்கு நல்ல வெளிச்சம். பகல் பூரா அந்த அளவு நிக்கணும், ஒரு மணி நேரம் மட்டும் அடிச்சா போதாது. அது ஏன்னா செடிக்கு முக்கியம் ஒரு நாளைக்கு மொத்தம் எவ்ளோ கெடைச்சுதுங்கறதுதான், குழாய் வேகமா வருதா மெதுவா வருதாங்கறத விட சாயந்தரம் குடம் நெறைஞ்சுதாங்கற மாதிரி.

கணக்குல ஆர்வம் இருக்கறவங்களுக்கு மட்டும், மத்தவங்க இந்தப் பாராவத் தாண்டிப் போயிடலாம். லக்ஸ்ங்கறது மனுசன் கண்ணுக்கான அளவு, பச்சை மஞ்சளுக்கு அதிக மதிப்பு குடுக்கும். செடிக்கு 400ல இருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் வர்ற ஒளித்துகள எண்ணணும், அத மைக்ரோமோல்ங்கற எண்ணிக்கை அலகுல சொல்வாங்க. சூரிய வெளிச்சம்னா லக்ஸ 54ஆல வகுத்தா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு செகண்டுக்கு எத்தன மைக்ரோமோல்னு ஏறக்குறைய வந்துடும். அத 12 மணி நேரத்துக்கு மாத்த 0.0432ஆல பெருக்கணும், ஒரு நாளைக்கு எத்தன மோல்னு வரும். 5000 லக்ஸ் 12 மணி நேரம் நின்னா கிட்டத்தட்ட 4 மோல், இலைக்காக வளக்கற நிழல் செடிக்கு இது மரியாதையான சம்பளம். 200 லக்ஸ்னா 0.16 மோல். வெட்ட வெளில நல்ல வெயில் நாள்ல 40க்கு மேல போகும். நம்ம ஹால் எவ்ளோ இருட்டுன்னு இந்த நம்பர பாத்தப்புறம்தான் எனக்கே உறைச்சுது.

ஃபோட்டோ எடுத்துப் பாத்து ‘வெளிச்சம் நல்லாத்தானே இருக்கு’ன்னு மட்டும் சொல்லாதீங்க, கேமராவும் கண்ணு மாதிரிதான், தானா அட்ஜஸ்ட் பண்ணிக் காட்டிடும்.


நிழல்ராஜா:

இதெல்லாம் ஓவரா இல்லையா? எங்க பாத்ரூம்ல பாட்டில்ல தண்ணி ஊத்தி மணி பிளான்ட் வச்சு நாலு வருசம் ஆச்சு, ஒரு மீட்டரும் இல்ல ஒரு மோலும் இல்ல, ஜம்முனு இருக்கு. செடிய நிம்மதியா விடுங்கப்பா.


ஜன்னலோரம்:

நிழல்ராஜா, நாலு வருசத்துல எத்தன இலை புதுசா வந்துச்சுன்னு எண்ணிச் சொல்லுங்களேன், கோபமா கேக்கல நெஜமாவே கேக்கறேன். சாதாப் பச்சையா, வெள்ளை கலந்ததா? பாத்ரூம்ல ஜன்னல் இருக்குமே, அது எந்தப் பக்கம்?


நிழல்ராஜா:

ஜன்னல் இருக்கு, அதுக்கு நேர் கீழதான் பாட்டிலு. சாதாப் பச்சைதான். இலை... அது வந்து, வச்சப்ப அஞ்சு இருந்துச்சு, இப்ப ஆறு. சரி சரி புரியுது.


மண்கைகள்:

😀 ஆறாவது இலைக்கு வாழ்த்துகள்.

கேள்வி கேட்டவருக்கு நான் தண்ணியப் பத்தி சொல்லணும், ஏன்னா வெளிச்சம் கம்மியான எடத்துல செடி சாகறது பெரும்பாலும் வெளிச்சத்தால இல்லைங்க, தண்ணியாலதான். இலை வேலை செஞ்சாதான் வேர் தண்ணி உறிஞ்சும். வெளிச்சம் இல்லாத எடத்துல இலை சும்மா உக்காந்திருக்கும், நீங்க பாசமா வாரத்துக்கு ரெண்டு தடவ ஊத்திக்கிட்டே இருப்பீங்க, மண்ணு காயாது, மண்ணுக்குள்ள காத்து போற ஓட்டையெல்லாம் தண்ணி அடைச்சுக்கும், வேருக்கும் மூச்சு வேணுமே, அது அழுக ஆரம்பிக்கும். அழுகின வேரால தண்ணி உறிஞ்ச முடியாது, அப்ப இலை வாடும், ஐயோ வாடுதேன்னு இன்னும் ஊத்துவோம். நான் கண்ணால பாத்த கதை இது, என் தங்கச்சி வீட்டுல ஒரு பீஸ் லில்லி இப்படித்தான் போச்சு. அதனால நாள் கணக்கு வச்சு ஊத்தாதீங்க, விரல ரெண்டு கணு மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா ஊத்துங்க, ஈரம் ஒட்டுச்சுன்னா நாளைக்குப் பாத்துக்கலாம். செடிய வெளிச்சத்துக்கு மாத்தினா தண்ணி கூட வேணும், அதையும் விரலே சொல்லும்.

உரம் போட்டீங்கன்னு எழுதியிருந்தீங்க. நாம உரத்த சாப்பாடுன்னு நெனைக்கறோம், சாப்பாடு வெளிச்சம்தாங்க, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடையும் தண்ணியையும் வச்சு வெளிச்சத்துல இலையே சக்கரை பண்ணிக்குது. உரம் வெறும் உப்பு மாதிரி, கொழம்புக்குக் கொஞ்சம் வேணும், கொழம்பே இல்லாதப்ப உப்ப மட்டும் கொட்டினா? அந்த உப்பெல்லாம் மண்ணுல தங்கிடுச்சு, அதான் நுனி கருகியிருக்கு. ஒரு தடவ தொட்டிய வெளிய வச்சு கீழ ஓட்டை வழியா நல்லா ஓடற வரைக்கும் தண்ணி விட்டு அலசிடுங்க, அப்புறம் ரெண்டு மாசத்துக்கு உரம் பக்கமே போகாதீங்க.

இலை மேல தூசி இருக்கா பாருங்க. ஈரத்துணியால தொடைங்க. வர்ற கொஞ்ச வெளிச்சத்தையும் தூசி தின்னுடுது.


தொட்டியும்நானும்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேரு இவ்ளோ பொறுமையா எழுதுவீங்கன்னு நெனைக்கல. நேத்து லீவு, ஃபோன வச்சுக்கிட்டு வீடு பூரா சுத்தினேன், வீட்டுல எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பாத்தாங்க.

டிவி ஸ்டாண்டு, காலைல பத்து மணி, 90 லக்ஸ். தொண்ணூறு! நான் ரெண்டு தடவ ஆப்ப மூடித் திறந்து பாத்தேன். ராத்திரி டியூப் லைட் போட்டா 150 வருது, அதாவது பகல விட ராத்திரி வெளிச்சம். அங்க குனிஞ்சு பாத்தேன் அண்ணே, நீங்க சொன்ன கைக்குட்டை கூட இல்ல, ஸ்டாம்பு சைஸ்ல வானம். மேற்கு ஜன்னல் திட்டுல காலைல 3,500 கிட்ட, சாயந்தரம் நாலு மணிக்கு வெயில் விழறப்ப 40,000 தாண்டிப் போகுது, அதான் பொசுக்கிடுச்சு. வடக்கு ஜன்னல்ல எதிர் வீட்டுச் சுவர் மறைக்குது, 1,100. கிழக்கு ரூம் சின்ன ஜன்னல்ல காலைல ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் வெயில் வருது, அப்ப 20,000 போகுது, அது போனப்புறம் மதியம் பூரா 3,000ல இருந்து 4,000. கொசுவலைய திறந்து வச்சுப் பாத்தேன், நாலுல ஒரு பங்கு கூடுது, வலைல அவ்ளோ அழுக்கு.

ரெண்டு கேள்வி இருக்கு. கிழக்குல அந்த ஒன்றரை மணி நேர வெயில் இதையும் கருக்கிடுமா? ரெண்டாவது, இந்தப் பச்சையாகிப் போன கொடியெல்லாம் திரும்ப வெள்ளையாகுமா?


ஜன்னலோரம்:

அருமையா அளந்திருக்கீங்க, இனிமே உங்க வீட்டப் பத்தி எந்த வீடியோவ விடவும் உங்களுக்கு நல்லாத் தெரியும்.

கிழக்குதான் எடம். காலை வெயில் நேரா பட்டாலும் சூரியன் தாழ இருக்கும், காத்தும் இன்னும் சூடாயிருக்காது, இலை தாங்கிக்கும். சாயந்தர மேற்கு வெயில் அப்படி இல்ல, நாள் பூரா சூடேறின காத்தும் கண்ணாடியும் சேந்து வாட்டும். ஆனா ஒரே நாள்ல தூக்கிட்டுப் போய் வைக்காதீங்க, மேற்குல நடந்தது அதுதான். செடி ஒரு இலைய உருவாக்கறப்பவே இந்த எடத்து வெளிச்சத்துக்கு இவ்ளோன்னு அளவெடுத்துத் தைக்குது. நிழல்ல பொறந்த இலை மெல்லிசா இருக்கும், வெயில்ல பொறந்தது தடிப்பா இருக்கும். 90 லக்ஸுக்குத் தைச்ச சட்டைய 40,000ல மாட்டி விட்டா இலை உள்ள வர்ற ஒளிய செலவு பண்ண வழி தெரியாம அந்த மிச்ச சக்தியே பச்சையத்த அழிச்சிடும், அதான் மொதல்ல வெளுக்கறது, அப்புறம் காயறது. அந்தத் திட்டு இனிமே ஆறாது. இலை பாதிக்கு மேல பச்சையா இருந்தா வெட்டாதீங்க, அது இன்னும் சம்பாதிக்குது.

அதனால மொத ஒரு வாரம் கிழக்கு ரூம்லயே ஜன்னல விட்டு மூணு அடி தள்ளி, வெயில் படாத பக்கமா வைங்க. அடுத்த வாரம் ஒன்றரை அடி. மூணாவது வாரம் ஜன்னல் கிட்ட, மெல்லிசா வெள்ளைத் திரை இருந்தா வெயில் நேரம் மட்டும் இழுத்து விடுங்க, அப்புறம் திரையும் வேண்டாம். இலைய மட்டும் பாத்துக்கிட்டே இருங்க. வெளுப்பு தெரிஞ்சா ஒரு எட்டு பின்னால. வாரம் ஒரு தடவ தொட்டிய கால் சுத்து திருப்பி வைங்க, இல்லன்னா மறுபடியும் ஒரே பக்கம் சாயும். சாயறதுக்குக் காரணம், நிழல் பக்கம் ஆக்சின்னு ஒரு வளர்ச்சிப் பொருள் கூடச் சேருது, அந்தப் பக்க செல்லு நீளுது, தண்டு வெளிச்சப் பக்கம் வளையுது. 1880லயே டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல்லு முளையோட நுனில குட்டித் தொப்பி மாட்டி விட்டு, நுனிய மறைச்சா முளை வளையல, கீழ் பக்கத்த மறைச்சா வளையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. பாக்கறது நுனி, வளையறது கழுத்து. எனக்கு இது எத்தன தடவ நெனைச்சாலும் ஆச்சரியம்தான்.

பச்சையான பழைய இலை திரும்ப வெள்ளையாகாது. புது எடத்துல வர்ற புது இலைல வெள்ளை கூடும். ஒரு கொடி முழுக்க ஒரு பொட்டு வெள்ளை கூட இல்லாம போயிடுச்சுன்னா அத நம்பாதீங்க, நல்லா வெள்ளை கலந்த கடைசி இலை எங்க இருக்கோ அதுக்குக் கொஞ்சம் மேல கணுவ விட்டுட்டு வெட்டுங்க, அந்தக் கணுல இருந்து புதுத் தளிர் வரும். வெட்டறத இப்ப வேண்டாம், ரெண்டு மூணு வாரம் புது எடத்துல தெம்பாகட்டும்.

சொல்ல விட்டுப் போச்சு, இந்த நம்பர் வருசம் பூரா இப்படியே இருக்காது. சூரியன் போற பாதை வடக்கயும் தெக்கயும் நகரும், இன்னைக்கு வெயில் வராத ஜன்னல்ல நாலு மாசம் கழிச்சு வரும். வெளிநாட்டு வீடியோல தெக்குப் பார்த்த ஜன்னல்தான் பெஸ்ட்னு சொல்வாங்க, அது பூமத்திய ரேகைக்கு ரொம்ப வடக்க இருக்கறவங்களுக்கு. ரேகைக்குக் கிட்ட இருக்கற ஊர்ல ஜூன் வாக்குல வடக்கு ஜன்னல்ல கூட வெயில் எட்டிப் பாக்கும், டிசம்பர்ல தெக்குல. ரேகைக்குத் தெக்க தள்ளி இருக்கறவங்களுக்கு எல்லாமே தலைகீழ், வடக்கு ஜன்னல்தான் அவங்களுக்கு வெயில் ஜன்னல். அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஃபோன தூக்கிட்டு ஒரு ரவுண்டு போங்க.


இலைக்கிறுக்கி:

நடுவுல புகுந்து கேக்கறேன் மன்னிச்சுக்கோங்க. எனக்கு ஆபீஸ் மேஜை, ஜன்னலே இல்ல. பர்ப்பிள் கலர்ல க்ரோ லைட்னு விக்கறாங்களே அது வாங்கணுமா, சாதா எல்ஈடி பல்பு போதுமா?


பாதிவெயில்:

சாதா வெள்ளை எல்ஈடி போதும் அக்கா. பர்ப்பிள் லைட் செவப்பும் நீலமும் மட்டும் கலந்தது, பச்சையம் அந்த ரெண்டையும்தான் அதிகமா உறிஞ்சுதுங்கற கணக்கு. ஆனா பச்சை ஒளியையும் இலை பயன்படுத்திக்குது, செவப்பும் நீலமும் மேல் அடுக்குலயே நின்னுடும், பச்சை இலைக்குள்ள ஆழமா போகும். வெள்ளை லைட்ல எல்லாமே இருக்கு. அதோட பர்ப்பிள் வெளிச்சத்துல செடிக்கு என்ன நோவுன்னு பாக்கவே முடியாது, எல்லா இலையும் கறுப்பாத்தான் தெரியும், ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்களும் சண்டைக்கு வருவாங்க.

பல்போட கலரு, வாட்ஸ் எல்லாத்த விட தூரம்தான் விஷயம். என்கிட்ட இருக்கற 9 வாட்ஸ் பல்ப ஒரு அடி தள்ளி வச்சு அளந்தா 1,500 லக்ஸ் வருது, ரெண்டு அடி தள்ளினா பாதியாகும்னு நெனைச்சேன், 400க்கும் கீழ போயிடுச்சு. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலுல ஒரு பங்கு. கூரைல எரியற லைட்டு மேஜைக்கு 300, 500 லக்ஸ் தர்றதும் இதனாலதான், நமக்கு வேலை பாக்கப் போதும், செடிக்கு உயிர் ஒட்டிக்கிட்டு இருக்கத்தான் போதும். அதனால மேஜை விளக்கு மாதிரி கழுத்து வளையற ஸ்டாண்டுல, பின்னாடி வெள்ளைக் குடை இருக்கறதா பாத்து, இலைக்கு முக்கால் அடி மேல வைங்க. எல்ஈடி அவ்ளோ சூடாகாது, புறங்கைய காட்டிப் பாருங்க, கைக்குச் சுடலன்னா இலைக்கும் சுடாது. 12ல இருந்து 14 மணி நேரம் எரியட்டும், டைமர் போட்டு விட்டுடுங்க, நாம மறந்துடுவோம். 24 மணி நேரமும் போடாதீங்க, நெறைய செடிக்கு ராத்திரி வேணும், கலஞ்சோங்கற பூச்செடி மாதிரி சிலது நீளமான இருட்டு கெடைச்சாதான் பூக்கவே பூக்கும்.

செடின்னு பாத்தா ஜீஜீ பிளான்ட், இல்லன்னா ஸ்னேக் பிளான்ட்ல ஆரம்பிங்க. அதுங்களும் வெளிச்சம் வேண்டாம்னு சொல்லல, இல்லாம ரொம்ப நாள் தாக்குப் பிடிக்கும், அவ்ளோதான்.


மண்கைகள்:

ஸ்னேக் பிளான்ட் வச்சா ரூம் காத்து சுத்தமாகும்னு யாராவது வந்து எழுதறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், அது நாசா 1989ல சின்ன மூடின பெட்டிக்குள்ள வச்சுப் பாத்த ஆராய்ச்சி. கதவு ஜன்னல் இருக்கற ரூமுக்கு அது செல்லாது. பாக்க அழகா இருக்குன்னு வாங்குங்க.


தொட்டியும்நானும்:

ஆறு வாரம் ஆச்சு, வந்து சொல்றேன்னு சொல்லிட்டு சொல்லாம ஓடிட்டேன்னு நெனைச்சிருப்பீங்க. கிழக்கு ஜன்னலுக்கு மூணு வாரத்துல நகத்தினேன், ஒரு இலை கூட கருகல. கொசுவலைய கழட்டிக் கழுவினேன், வந்த தண்ணியப் பாத்து நானே வெக்கப்பட்டேன். மண்ண அலசினேன். மொத நாலு வாரம் ஒண்ணுமே நடக்கல, கீழ் இலை ரெண்டு மஞ்சளாகி விழுந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், மேற்குலயே வச்சிருக்கலாமோன்னு கூட ஒரு நாள் தோணுச்சு. அஞ்சாவது வாரம் ஒரு தளிர் சுருட்டிக்கிட்டு வந்துச்சு, போன ஞாயித்துக்கிழமை விரிஞ்சுது. ஒரு பக்கம் பூரா வெள்ளைக் கோடு. முந்தின இலைக்கும் இதுக்கும் நடுவுல தண்டு ரெண்டு விரல்கடைதான். தண்ணி இப்ப முன்ன விட சீக்கிரம் காயுது, விரல் கணக்குல நாலு நாளைக்கு ஒரு தடவ வருது.

முழுப் பச்சையான ரெண்டு கொடிய வெட்டி தண்ணி பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன், வேர் விட்டுடுச்சு. டிவி ஸ்டாண்டு மொட்டையா இருக்கு, அதையே அங்க வைன்னு வீட்டுல சொல்றாங்க. 90 லக்ஸ்னு சொன்னா யாருக்கும் புரிய மாட்டேங்குது.


நிழல்ராஜா:

அந்தப் பச்சைக் கொடிய அங்க வைங்க ப்ரோ. நாலு வருசத்துல ஒரு இலை கண்டிப்பா வரும்.